இன்ஜினுக்கு முன் சைலன்ஸர்

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் இன்ஜின் 98 சிசி. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் விற்ற அந்த வண்டி தெருமுனையில் திரும்பும்போதே வருவது யார் என்று வீட்டுக்குள் இருந்தபடி சொல்லிவிடலாம். ஏறக்குறைய அதே அளவு டூ ஸ்ட்ரோக் இன்ஜினை, ஆயில் கலந்த பெட்ரோலோடு, இரண்டரை மீட்டருக்கு மேல் இறக்கை உள்ள ரேடியோ கன்ட்ரோல் விமானத்தின் மூக்கில் மாட்டிப் பறக்கவிடுகிறோம். பைக்கில் சைலன்ஸர் இன்ஜினில் தொடங்கிப் பின்சக்கரம் வரை நீண்டு கிடக்கும். நாமோ விமானம் வாங்கி, இன்ஜின் மாட்டி, சர்வோ, பேட்டரி எல்லாம் அடுக்கி முடித்த பிறகுதான் புகை போக வழி தேடுகிறோம். இந்த வரிசை தலைகீழாக வேண்டும்.

போன வாரம் 100 சிசி விமானம் கட்டத் தொடங்கியிருக்கும் இளைஞர் ஒருவர் கேட்டார்: “அண்ணா, பிட்ஸ் மஃப்ளர் போதுமா, கேனிஸ்டர் போடணுமா, இல்ல டியூன்ட் பைப்பே போட்டுடலாமா? எதுல பவர் அதிகம்?” நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: “உன் விமானத்தோட வயித்துல எவ்வளவு இடம் இருக்கு?” பவர் பற்றிய கேள்விக்கும் விடை அந்த இடத்தில்தான் இருக்கிறது.

பிட்ஸ் மஃப்ளர் என்பது இன்ஜினை ஒட்டி முன்பக்க மூடிக்குள்ளேயே அடங்கிவிடும் பெட்டி. விலை குறைவு, எடை குறைவு. விமானத்தின் உடலில் எதையும் வெட்ட வேண்டியதில்லை. மூக்கு குட்டையான இரட்டை இறக்கை விமானங்களுக்கு அதுவே பொருத்தம். ஆனால் சத்தம் அடங்க வேண்டுமென்றால், சிலிண்டரிலிருந்து சீறி வரும் வாயு விரிந்து தணிய இடம் வேண்டும். அந்தச் சிறிய பெட்டியில் அந்த இடம் கிடையாது. அதன் சூடும் இன்ஜினின் சூட்டோடு சேர்ந்து மூடிக்குள்ளேயே தங்குகிறது.

கேனிஸ்டர், இறக்கைக்கு அடியில் விமானத்தின் வயிற்றுக்குள் படுத்திருக்கும் நீண்ட உருளை. உள்ளே அறைகளும் துளையிட்ட குழாய்களும் இருக்கும். இன்ஜினிலிருந்து வளைந்து வரும் ஹெட்டர் குழாய் அதில் வந்து சேரும். நன்றாகத் தேர்ந்தெடுத்தால் பவரில் பெரிய இழப்பு இல்லாமல் சத்தம் தெளிவாகக் குறையும். சாகசப் பறத்தலுக்கான பெரிய விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு என் பரிந்துரை இதுதான்.

டியூன்ட் பைப்பின் கதை வேறு. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் ஷோப்பாவ் நகரில், எம்இசட் பைக் நிறுவனத்தின் பொறியாளர் வால்டர் காடன், புகைக்குழாயை இன்ஜினின் ஒரு பாகமாகவே நினைத்து வேலை செய்தார். வெளியேறும் வாயு அனுப்பும் அழுத்த அலை, விரியும் கூம்பில் பட்டு உறிஞ்சும் அலையாகத் திரும்பி சிலிண்டரைக் காலி செய்ய உதவுகிறது. பிறகு, சுருங்கும் கூம்பில் பட்டுத் திரும்பும் அலை, தப்பி வெளியே வந்த புதுக் கலவையை மறுபடி உள்ளே தள்ளுகிறது. 1961இல் அவருடைய 125 சிசி பந்தய இன்ஜின் 25 குதிரைத் திறனை எட்டியது. அதே ஆண்டு அந்த அணியின் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குக்குத் தப்பிச் சென்று சுசுகியில் சேர, இந்த நுட்பம் ஜப்பானுக்குப் போனது. நம் ஊரில் ஓடிய டூ ஸ்ட்ரோக் பைக்குகளின் வயிறு பருத்த சைலன்ஸர் அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

அப்படியானால் அதையே விமானத்தில் மாட்டிவிடலாமே? கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 சிசி இன்ஜின் 28 அங்குல இறக்கைச்சுழலியை நிமிடத்துக்கு சுமார் 6,500 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 9.2 மில்லி விநாடி. அதில் புகைவாய் 150 பாகை அளவுக்குத் திறந்திருந்தால், கிடைப்பது 3.8 மில்லி விநாடி. சூடான வாயுவில் அலை விநாடிக்கு சுமார் 500 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த நேரத்துக்குள் அது போய்த் திரும்ப வேண்டும் என்றால், ஹெட்டரும் பைப்பும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வேண்டும்! பந்தய பைக் 10,000 சுற்றுக்கு மேல் ஓடியதால் குட்டையான குழாயே அதற்குப் போதுமாக இருந்தது. நம் இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது. குழாய் நீண்டே ஆக வேண்டும். இடமில்லை என்று குழாயைக் குறைத்தால், இன்ஜின் எட்டாத வேகத்தில்தான் அதன் பலன் கிடைக்கும். பவர் கேட்டவரிடம் இடத்தைப் பற்றி நான் கேட்டது இதனால்தான்.

சரி, தேர்ந்தெடுத்தாயிற்று. அடுத்து அளவு. இன்ஜினின் புகைவாய் மையத்திலிருந்து கேனிஸ்டரின் மையக்கோடு எத்தனை மில்லிமீட்டர் கீழே இருக்கிறது என்பதை வைத்தே ஹெட்டரைச் சொல்லி வாங்குகிறோம். காகிதத்தில் மட்டும் அளந்தால் போதாது. கேனிஸ்டரின் விட்டத்திலும் நீளத்திலும் ஒரு பிவிசி குழாயையோ அட்டைச் சுருளையோ வெட்டி உள்ளே வைத்துப் பாருங்கள். சக்கரத் தாங்கியின் பலகையும் இறக்கைக் குழாயும் குறுக்கே வரும் இடம் அப்போதுதான் தெரியும். சுற்றிலும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் காற்றோட்ட இடைவெளி விடுங்கள். பேட்டரி, ரிசீவர், பெட்ரோல் குழாய், சர்வோ ஒயர் எதுவும் கேனிஸ்டர் படுக்கும் அந்தச் சுரங்கத்துக்குள் வரக் கூடாது.

சூட்டை வெளியேற்றுவது காற்றின் வேலை. உள்ளே வரும் வழியைப் போல் இரண்டு, முடிந்தால் மூன்று மடங்கு பரப்பு வெளியேறும் வழிக்கு வேண்டும். மூக்கில் பெரிய ஓட்டை வைத்துவிட்டுப் பின்னால் சிறிய துளை விட்டால் காற்று உள்ளே தேங்கும். நுழையும் காற்றைத் தடுப்பு வைத்து முதலில் சிலிண்டரின் துடுப்புகள் வழியாக ஓட விட்டு, பிறகு சுரங்கம் வழியாகப் பின்னால் அனுப்ப வேண்டும். சுரங்கத்தின் மரச் சுவர்களுக்கு அலுமினியத் தகடு ஒட்டுவது நல்ல காப்பு.

மூன்றாவது, அசைவு. சூடேறினால் உலோகம் நீளும். அரை மீட்டர் குழாய் 200 டிகிரி சூடேறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். இன்ஜினும் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே கேனிஸ்டரை இரண்டு முனையிலும் இறுக்கிக் கட்டினால், ஹெட்டர் புகைவாய்க்கு அருகே விரிசல் விடும். முன்முனையை ஹெட்டரிடம் விடுங்கள்; பின்முனை சிலிகான் வளையத்தில் அமர்ந்து முன்னும் பின்னும் நகரட்டும். ஹெட்டரையும் கேனிஸ்டரையும் சேர்க்கும் டெஃப்ளான் குழாய் 327 டிகிரியில் உருகிவிடும். உள்ளே இரண்டு உலோகக் குழாய்களின் முனைகளும் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளிக்குள் நெருங்கியிருந்தால், சூடான வாயு நேராக டெஃப்ளான் மேல் படாது. முதல் ஓட்டம் முடிந்து குளிர்ந்ததும் ஹெட்டர் போல்ட்களை மறுபடி இறுக்குங்கள். மூட்டைச் சுற்றிக் கருப்பு எண்ணெய்க் கசிவு தெரிந்தால் அன்றைக்குப் பறப்பதை நிறுத்திவிடுங்கள். சைலன்ஸர் மாறினால் கார்புரேட்டர் ஊசிகளையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும்.

இவ்வளவு செய்தும் சத்தம் குறையவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் இறக்கைச்சுழலியைப் பார்க்க வேண்டும். அந்த 28 அங்குல சுழலியின் நுனி 6,500 சுற்றில் விநாடிக்கு 242 மீட்டர் வேகத்தில், ஒலியின் வேகத்தில் பத்தில் ஏழு பங்கில் போகிறது. சுற்று கூடக் கூட நுனி காற்றைக் கிழிக்கும் ஓசை வேகமாக ஏறும். எந்த சைலன்ஸராலும் அதை அடக்க முடியாது. விட்டம் குறைந்த மூன்று அலகுச் சுழலி இங்கே கைகொடுக்கும். குழாயை மட்டும் மாற்றிவிட்டு சுழலியை அப்படியே விடுவது பாதி வேலை.

பிரிட்டனில் 1982ஆம் ஆண்டிலேயே மாதிரி விமானங்களுக்கு 7 மீட்டர் தூரத்தில் 82 டெசிபெல் என்று நடத்தை விதி வகுத்தார்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபெல் குறையும்; மைதானத்தை ஊரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்று அதைக் கொண்டே கணக்கிடலாம். நாமும் நம் மைதானத்துக்கு ஓர் அளவு வைத்துக்கொண்டு, புதிதாக வரும் ஒவ்வொரு விமானத்தையும் தரையில் நிறுத்தி அளந்து பார்த்த பிறகே பறக்கவிடலாம். அளவுமானி வாங்குவது ஒரு சர்வோ வாங்குவதைவிடப் பெரிய செலவல்ல.

வற்றிய ஏரியோ தரிசு நிலமோ, நாம் பறக்கும் இடம் எதுவும் நமக்குச் சொந்தமில்லை. பக்கத்தில் ஆடு மேய்ப்பவர்களும், ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்ணயர நினைக்கும் பெரியவர்களும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் பொறுத்துக்கொள்ளும் வரைதான் நமக்கு ஆகாயம். அதனால் அந்த இளைஞரிடம் சொன்னதையே எல்லோரிடமும் சொல்கிறேன்: முதலில் வயிற்றை அளந்து, கேனிஸ்டருக்கு இடமும் காற்றுக்கு வழியும் ஒதுக்குங்கள். அதில் அடங்கும் இன்ஜினை அதன் பிறகு வாங்குங்கள்.