மின்னுது விளக்கு ஆமை! தவிக்குது நிஜ ஆமை!

ராத்திரியில் கலர் விளக்கு என்றால் கடைத்தெருதான் ஞாபகம் வரும். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலோ, காட்டு ஜீவன்களே விளக்காக மாறி நின்றன!

அங்கு 2009-ம் ஆண்டு முதல் ‘விவிட் சிட்னி’ என்ற ஒளித் திருவிழா நடக்கிறது. 2016-ல் அந்நகரின் டரோங்கா மிருகக்காட்சி சாலைக்கு நூறு வயது. அந்த விழாவில் ராட்சத விலங்கு உருவங்களை விளக்கொளியில் ஜொலிக்க விட்டார்கள். அந்த மண்ணுக்கே உரிய கரோபரி தவளை, பில்பி, கூடவே கடல் ஆமை. “இவற்றைக் காப்பாற்றுங்கள்” என்பதே சேதி.

ஜோரான காரியம்தான். ஆனால், உயிருள்ள ஜீவனுக்கு விளக்கு நல்லதா?

வழி தவறிய பூச்சி

அதே நாட்டில் ‘போகோங்’ என்று ஒரு அந்துப்பூச்சி. வெயில் காலத்தைக் கழிக்க, ஆயிரம் கிலோமீட்டர் வரை பறந்து மலைக்குகைகளுக்குப் போகும். அதற்கு நட்சத்திரங்களும் வழி காட்டுகின்றன என்று 2025-ல் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர்.

நகரத்து விளக்கைப் பார்த்தால் போச்சு, வழி மாறிவிடும்! 2000-ல் சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில், பாடிக்கொண்டிருந்த பாடகி மேலேயே ஒன்று வந்து உட்கார்ந்தது.

அன்று அது வேடிக்கை. 2017-க்குப் பின் வறட்சியால் பூச்சிக் கூட்டம் மளமளவென்று குறைந்தது. 2021-ல் அழியும் ஆபத்துப் பட்டியலில் ஏறியது. வறட்சியோடு விளக்கும் சேர்ந்துகொண்டால் தாங்குமா? “பூச்சிக்காக விளக்கை அணையுங்கள்” என்று அங்கே பிரசாரமே நடந்தது.

பெசன்ட் நகரில்…

சிட்னிக்காரர்கள் விளக்கில் செய்த கடல் ஆமை, நம்ம பெசன்ட் நகர் மணலுக்கும் வருகிற விருந்தாளிதான். ஜனவரி முதல் முட்டையிடும். பொரிந்து வரும் குஞ்சு, வெளிச்சம் தெரியும் பக்கம் ஊர்ந்து போகும். இருட்டில் வெளிச்சமாகத் தெரிவது கடல். ரோட்டு விளக்கு எரிந்தால்? கடலை விட்டு ரோட்டுக்கு வந்து சாகும். 1988 முதல் மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள்.

விளக்கில் ஆமை செய்யட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அதை ஊருக்குள் வைக்கட்டும். குஞ்சு பொரிக்கும் மாதங்களில் கடற்கரைப் பக்கத்து வீடும் கடையும் கடலைப் பார்த்த விளக்கை ராத்திரியில் அணைத்தால் போதும்.

விளக்கு வைக்கத்தான் காசு வேண்டும். அணைக்க ஒரு விரல் போதுமே!