ஏழு நாள் அவகாசம்

கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடு, உப்பை நிறுத்து, எண்ணெயை நிறுத்து, மூன்று வாரத்தில் இறங்கிவிடும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வீட்டுக்கு வீடு சொல்லும் வைத்தியம் இது. பெரும்பாலோருக்கு இறங்கியும் விடுகிறது. சாதாரணக் காமாலை தானாகவே தணியக்கூடியது என்பதே அதற்குக் காரணம். ஆனால் அப்படிப் படுத்தவர்களில் சிலர் எழுந்திருப்பதில்லை. மூன்றாவது வாரம் வயிறு உப்பி, நினைவு தடுமாறி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரப்படுகிறார்கள். "காமாலை முற்றிவிட்டது" என்று ஊர் சொல்கிறது. தோழர்களே, முற்றியது காமாலை அல்ல. அது வேறு வியாதி.

துறைமுகத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கிரேனின் கம்பி வடம் உள்ளுக்குள் புரி புரியாக அறுந்துகொண்டிருக்கும். மேலே கிரீஸ் பூசியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. வழக்கமான பளுவை வழக்கம்போலத் தூக்கும். ஒரு நாள் ஒரே ஒரு வெட்டு இழுப்பு; வடம் போய்விடும். ஈரலும் அப்படித்தான். ஆண்டுக்கணக்கான குடி, ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள், சர்க்கரை வியாதியோடு சேர்ந்து வரும் ஈரல் கொழுப்பு ஆகியவை ஓசையில்லாமல் புரிகளை அறுக்கின்றன. மனிதன் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். தன் ஈரல் தழும்பேறிக் கிடப்பது அவனுக்கே தெரியாது. அதன்மேல் ஒரு புதிய அடி விழும்போது எல்லாம் சரிகிறது. நாள்பட்ட ஈரல் நோயின்மேல் வரும் திடீர் ஈரல் செயலிழப்பு என்பது இதுதான்.

இதற்கு ஓர் இலக்கணம் வகுக்க உலகத்து டாக்டர்கள் நெடுநாள் வாதாடினார்கள். டில்லி டாக்டர் சிவகுமார் சரின் முன்னின்று நடத்திய ஆசிய பசிபிக் ஈரல் ஆராய்ச்சி சங்கத்தின் குழு 2009-ல் ஒன்றை வெளியிட்டு, 2014-லும் 2019-லும் செப்பனிட்டது. 100 மில்லி ரத்த நீரில் பிலிரூபின் 5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல். ரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.5 அல்லது அதற்கு மேல். நான்கு வாரத்துக்குள் வயிற்றில் நீர் கோத்தல் அல்லது மூளை மயக்கம். ஏற்கெனவே ஈரல் நோய் உள்ளவருக்கு, அது முன்பு கண்டறியப்படாததாக இருந்தாலும், இவை சேர்ந்தால் அவர் இந்த ஆபத்தில் இருக்கிறார். ஐரோப்பியர் 2013-ல் 1,343 நோயாளிகளை ஆராய்ந்து வேறு கணக்குச் சொன்னார்கள். சிறுநீரகம், மூளை, நுரையீரல் என்று எத்தனை உறுப்புகள் விழுந்தன என்று எண்ணிப் படி வகுத்தார்கள். முதல் படியில் 28 நாளுக்குள் நூற்றுக்கு 22 பேர் இறந்தனர். மூன்றாம் படியில் 77 பேர்.

தீவிரச் சிகிச்சைப் படுக்கை யாருக்கு உடனே வேண்டும் என்று தீர்மானிக்க ஐரோப்பியக் கணக்கு நல்ல கணக்கு. நமது தொழிலாளிக்கு உதவுவதோ ஆசியக் கணக்குத்தான் என்பது நமது கருத்து. முன்னது வீடு எரிந்தபின் எரிந்த அறைகளை எண்ணுகிறது. பின்னது புகையைக் கண்டதும் மணி அடிக்கிறது. மணி அடித்த பிறகு ஏறத்தாழ ஏழு நாள் அவகாசம் உண்டு என்கிறார்கள் நிபுணர்கள். ரத்தத்தில் கிருமி பரவி மற்ற உறுப்புகள் விழுவதற்கு முன் கிடைக்கும் அந்த ஒரு வாரத்தைத்தான் நாம் மோரிலும் பத்தியத்திலும் கழிக்கிறோம்!

அந்தப் புதிய அடி எங்கிருந்து வருகிறது? முதலாவது, குழாயிலிருந்து. 1955-56-ல் டில்லியில் யமுனை நீரில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. ஹெபடைடிஸ் ஈ என்னும் கிருமிதான் காரணம் என்பது பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. நல்ல ஈரல் உள்ளவன் அதைப் பெரும்பாலும் தாங்குகிறான். தழும்பேறிய ஈரல் உள்ளவனுக்கு அதே தண்ணீர் எமன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடசென்னையில் தேங்கியபோது எண்ணூர்க் கழிமுகத்தில் மிதந்த எண்ணெயைப் பற்றி நாடே பேசியது. பேச வேண்டியதுதான். குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் சந்துகளைப் பற்றியும் அதே குரலில் பேச வேண்டாமா?

இரண்டாவது, ஹெபடைடிஸ் பி. குழந்தைகளுக்கான இதன் தடுப்பூசி நாடு முழுவதற்கும் அரசுத் திட்டத்தில் வந்தது 2011-ல்தான். இன்று ஆலையில் நிற்கும் தலைமுறையில் பெரும்பாலோர் அதற்கு முன் பிறந்தவர்கள். உறங்கும் கிருமி திடீரென்று விழித்து ஈரலைத் தாக்கும்போது டெனோபோவிர் என்னும் மாத்திரை உயிர் காக்கிறது. 2011-ல் டில்லி டாக்டர்கள் வெளியிட்ட சோதனையில், அதைப் பெற்ற 14 பேரில் 8 பேர் மூன்று மாதம் கழித்தும் உயிரோடு இருந்தனர். பெறாத 13 பேரில் இருவர்தான். சிறிய சோதனைதான், ஆனால் வித்தியாசம் பெரிது. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்தச் சோதனையும் மருந்தும் இலவசம்.

கீழாநெல்லியை நாம் ஏளனம் செய்யவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும் நோபல் பரிசு பெற்ற புளும்பர்க்கும் சேர்ந்து ஆராய்ந்து, பி கிருமி தாங்கியிருந்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று 1988-ல் லான்செட் ஏட்டில் எழுதினார்கள். பின்னால் பிற இடங்களில் நடந்த சோதனைகள் அதை உறுதி செய்யவில்லை. எப்படியானாலும் அது கிருமி தாங்கிகளைப் பற்றிய ஆராய்ச்சி. செயலிழந்துகொண்டிருக்கும் ஈரலைப் பற்றியது அல்ல. பெயர் தெரியாத பொடிகளும் லேகியங்களும் இன்னும் மோசம். ஆசிய நாடுகளில் 3,132 நோயாளிகளைக் கணக்கெடுத்ததில் 329 பேருக்கு அடி கொடுத்ததே அவர்கள் உண்ட மருந்து; அதில் பத்துக்கு ஏழு, நாட்டு மருந்து, மாற்று மருந்து வகையறா. அடுத்தபடி காசநோய் மாத்திரைகள். அவற்றை நிறுத்திவிடக் கூடாது. ஆனால் காசநோய் மருந்து சாப்பிடுபவருக்குக் கண் மஞ்சளித்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மூன்றாவது, சாராயம். இதில் ஒரு கொடுமையைச் சொல்லியாக வேண்டும். ஈரல் விழும்போது விஷம் மூளைக்கு ஏறுகிறது. மனிதன் பகலில் தூங்குகிறான், இரவில் விழிக்கிறான், வார்த்தை குழறுகிறது, கை நடுங்குகிறது. "குடித்துவிட்டு உளறுகிறான்" என்று திண்ணையில் கிடத்திவிட்டுப் போகிறார்கள். குடிக்காமல் நாலு நாள் ஆகியிருந்தாலும் அதே பேச்சு! மஞ்சள் கண்ணோடு ஒருவன் உளறினால் அது போதை என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. 2003 நவம்பர் முதல் மதுவைச் சில்லறையில் விற்கும் சர்க்கார், ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் அதில் வருவாய் காண்கிறது. அந்தப் பணத்தில் ஒரு துளியை வடசென்னையில் ஈரல் நோய்க்கான தீவிரச் சிகிச்சைப் படுக்கைகளுக்கு ஒதுக்கு என்று கேட்கிறோம். பிச்சை கேட்கவில்லை, அது நம் ஈரலை விற்ற காசு.

கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று நம் பாட்டன்மார் அழைத்த ஸ்டான்லியில் 2009-லேயே கல்லீரல் மாற்று அறுவை நடந்தது. மாற்று ஈரல் கிடைக்காதவர்களுக்கும் செய்யக்கூடியது நிறைய உண்டு: அடித்த காரணத்தைக் கண்டு நிறுத்துதல், கிருமித் தொற்றுக்கு முந்திக்கொண்டு மருந்து, சிறுநீரகத்தைக் காக்க ஆல்புமின், மலத்தை இளக்கி மூளையைத் தெளிவிக்க லாக்டுலோஸ். இவற்றோடு சோறு. ஆம், சோறு! பத்தியம் என்று பட்டினி போடுவது இந்த நோயாளிக்குத் தீமை. பருப்பும் முட்டையும் பாலும் வேண்டும். இரவு படுக்கும் முன்பும் ஒருவாய் உண்ண வேண்டும். உடல்வலிக்கென்று கடையில் வாங்கும் டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகள் கூடவே கூடாது. அவை சிறுநீரகத்தைச் சாய்க்கும்.

கூலி போய்விடுமே என்ற அச்சம்தான் பலரை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுக்கிறது. இ.எஸ்.ஐ. விதிகளில் நோய்க்காலத்துக்கு 70 சதவீதக் கூலி 91 நாள் வரை உண்டு. வயிற்றில் நீர் கோத்த ஈரல் சுருக்க நோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. தேவையான சர்வீசும் சந்தாவும் உள்ளவருக்கு 80 சதவீதக் கூலி இரண்டாண்டு வரை கிடைக்கும். காண்டிராக்ட் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. உண்டு, காண்டிராக்டர் சந்தா கட்டாவிட்டால் ஆலை நிர்வாகமே பொறுப்பு. மணலியிலும் திருவொற்றியூரிலும் கேட்டருகே நிற்கும் நமது சங்கத் தோழர்கள், எத்தனை காண்டிராக்ட் தொழிலாளிகள் கையில் அந்த அட்டை இருக்கிறது என்று இந்த மாதமே கணக்கெடுக்கட்டும். அதே வரிசையில் நிற்க வைத்து ஹெபடைடிஸ் பி, சி ரத்தப் பரிசோதனைக்கும் பெயர் எழுதட்டும்.