மூலிகைதானே, என்ன செய்யும்?

ஆனி மாதச் சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலத்தில் அருவிக்குப் போட்டியாகக் கொட்டுவது வாக்குறுதி. பேரருவிக்குப் போகும் வழி நெடுக வேர், கிழங்கு, பட்டை, கொட்டை, பச்சை நிறத்தில் ஏதோ ஓர் எண்ணெய், புட்டியில் மலைத்தேன். மூட்டுவலிக்கு ஒன்று, முடி கொட்டுவதற்கு ஒன்று, பெயர் சொல்லக் கூசும் வியாதிகளுக்குக் குரலைத் தாழ்த்தி ஒன்று. பிள்ளை இல்லாதவர்களுக்குத் துரியன் பழம். விலையைக் கேட்டால் பழம் வேண்டாம் என்றாகிவிடும். தூரம் நின்ற பெண்களுக்குத் தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி. "இது சூட்டு ஒடம்புக்கா. மூணு நாள் அருவில நில்லுங்க, ஒரு மண்டலம் இதப் பால்ல போட்டுக் குடிங்க. மூலிகைதான, ஒண்ணும் செய்யாது."

அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் விற்பது வாங்க வருகிறவர்களின் நம்பிக்கையை. பள்ளிக்கூட ஆசிரியையும் வங்கி மேலாளரும் அமெரிக்காவிலிருந்து வாட்ஸ்அப்பில் யோசனை அனுப்பும் சித்தி மகளும் அதையே சொல்கிறார்கள். நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்ணுக்கு வருவதெல்லாம் உடம்புச் சூடு, குளிர்ச்சி கொடுத்தால் போதும். இயற்கையில் கிடைப்பது கெடுதல் செய்யாது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் அந்த நம்பிக்கை. இரண்டும் தவறு. இரண்டாவது ஆபத்தும்கூட.

முதலில் அருவியைப் பார்ப்போம். திரிகூட மலையில் மூலிகைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் மலையில் செடி இருப்பதும் அருவித் தண்ணீரில் மருந்து இருப்பதும் ஒன்றல்ல. ஒரு பிடி வேரை நாலு டம்ளர் நீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சினால்தான் கஷாயம் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கே தெரியும். வேர்களைத் தொட்டபடி நொடிக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் ஓடுகிற சிற்றாற்றில் எந்தச் சத்து எந்த அளவில் மிஞ்சும்? அருவியில் கிடைப்பது சுகம். தலையிலும் தோளிலும் தண்ணீர் அறையும்போது உடம்பு இளகும், அன்று இரவு நன்றாகத் தூக்கம் வரும். அது போதாதா? அதற்கு மருத்துவர் வேஷம் எதற்கு?

மாதவிடாய் நிற்கும் காலத்தில் குப்பென்று முகத்திலும் நெஞ்சிலும் ஏறும் சூடு, உடம்பில் சேர்ந்துகிடக்கும் உஷ்ணத்தால் வருவதல்ல. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் சில நரம்பணுக்கள் அடங்காமல் துள்ளுகின்றன. உடம்பின் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது அந்த இடம்தான். வெப்பம் இம்மியளவு ஏறினாலே அது பதறிப்போய் ரத்தக்குழாய்களை விரிக்கிறது, வியர்வையைத் திறந்துவிடுகிறது. சில நிமிடங்களில் தணிந்து, பின்னால் நடுக்கம் வருவதும் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்குச் சுரண்டையிலோ பாவூர்சத்திரத்திலோ நனைந்த ரவிக்கையோடு எழுந்து உட்காருகிறவளுக்கு, போன வாரம் ஐந்தருவியில் நின்றது எப்படி உதவும்? 2023-இல் வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் ஹார்மோன் அல்லாத வழிகளை எல்லாம் அலசி ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தச் சூட்டுக்கான சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாதவை என்று அது ஒதுக்கியவற்றில் மூலிகைச் சத்துகள், சோயா, யோகாவோடு உடலைக் குளிர்விக்கும் முறைகளும் உண்டு. யோகா செய்யக் கூடாது என்று அதற்குப் பொருளில்லை. முதுகுக்கும் மனசுக்கும் செய்யுங்கள். சூடு நிற்கும் என்று எண்ணிச் செய்ய வேண்டாம், அவ்வளவே.

"அப்படியானால் எங்க அக்காவுக்கு எப்படிக் கேட்டுச்சு?" என்பீர்கள். நல்ல கேள்வி, இந்த வியாபாரம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. ஹார்மோன் மாத்திரைகளைச் சோதித்த ஆய்வுகளைத் திரட்டி 2004-இல் காக்ரேன் அமைப்பு ஒரு தொகுப்பு வெளியிட்டது. அதில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை விழுங்கிய பெண்களுக்கும் சூடு வரும் தடவைகள் சராசரியாக 57.7 சதவீதம் குறைந்திருந்தன. பாதிக்கு மேல்! ஏதோ செய்கிறோம் என்ற தெம்பு ஒரு காரணம். தொல்லை உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் மருந்து தேடிப் போவார்கள், அது தானாகவே இறங்குமுகம் காண்பது மற்றொரு காரணம். ஆகவே தண்ணீர்விட்டான் கிழங்கு சாப்பிட்டுக் குணமான அக்கா பொய் சொல்லவில்லை. சுண்ணாம்புக் கல்லைப் பொடித்துக் கொடுத்திருந்தாலும் அதே அக்கா அதையே சொல்லியிருக்கக்கூடும்.

இதைச் சொன்னால் உடனே தமிழ் மருத்துவத்தின் விரோதி என்ற பட்டம் கிடைக்கும். உண்மையில் "பக்கவிளைவே கிடையாது" என்கிறவர்தான் சித்த மருத்துவத்தை இழிவுபடுத்துகிறார். மூலிகை ஒன்றும் செய்யாது என்று சித்தர்கள் நினைத்திருந்தால் சேராங்கொட்டைக்கும் நேர்வாளத்துக்கும் சுத்தி முறை எதற்கு எழுதினார்கள்? பத்தியம் எதற்கு? அனுபானம் எதற்கு? சோற்றுக்கற்றாழையை ஏழு தண்ணீர் விட்டுக் கழுவாமல் தின்னாதே என்று பாட்டி சொன்னது, தோலை ஒட்டி வடியும் மஞ்சள் பால் வயிற்றைப் பிடுங்கி எடுத்துவிடும் என்று கண்டதால்தான். அந்தக் கற்றாழைப் பாலை மலமிளக்கியாகக் கடைகளில் விற்க அமெரிக்காவில் 2002-இல் தடை வந்தது. பாட்டி அதற்கு வெகுகாலம் முன்பே தடை போட்டிருந்தாள். மருந்துக்கு வீரியம் உண்டு, ஆகவே வினையும் உண்டு என்பதே நம் மரபு. ஒன்றும் செய்யாது என்பது சந்தையின் கண்டுபிடிப்பு.

வினை எப்படிப்பட்டது? தூக்கத்துக்கும் படபடப்புக்கும் அமுக்கராக் கிழங்கை இன்று எல்லோரும் சொல்கிறார்கள். அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை வந்தவர்களைப் பற்றி இந்தியாவிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் மருத்துவப் பதிவுகள் வந்துள்ளன. டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்தது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு அது தனிச் சிக்கல். கொரோனா காலத்தில் சீந்தில் கொடியைக் கஷாயம் வைத்துக் குடித்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு கண்டதை மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. சர்ச்சை இருக்கட்டும், 'ஒன்றும் செய்யாது' என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதற்கு அந்தச் சர்ச்சையே போதும். பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் தயாரான ஆயுர்வேத மருந்துகள் 70-ஐ வாங்கிச் சோதித்து 2004-இல் ஓர் ஆய்வு வெளியானது. 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றாவது இருந்தது. அவை பெயரும் முகவரியும் ஒட்டிய டப்பாக்கள். பாதையோரத்தில் பிளாஸ்டிக் உறையில் கட்டித் தரும் பொடிக்கு உரிம எண் இல்லை, தயாரித்த தேதி இல்லை, உள்ளே என்ன என்ற சீட்டும் இல்லை. அடுத்த ஆடியில் கேட்கலாமென்றால் அந்தக் கடை அங்கே இருக்குமா?

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்கிறீர்களா? 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டப்படி, பெண்களின் மாதவிடாய்க் கோளாற்றைச் சரிசெய்யும் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்வதே குற்றம். சட்டம் இருக்கிறது, சுவரொட்டியும் இருக்கிறது.

இவ்வளவும் சொன்னாலும் பொடியால் வரும் கேடு சிறியதுதான். பொடி தின்றுகொண்டு காத்திருக்கும் நாட்களில் வரும் கேடு பெரியது. "நிக்கப் போகுது, அதான் இப்படிக் கொட்டுது" என்று மாதக்கணக்கில் உதிரம் போக்கி, படி ஏறினால் மூச்சிரைக்கும் பெண்கள் எத்தனை பேர்! தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. அந்த நிலையில் இருக்கும் உடம்பு இன்னும் எவ்வளவு இழக்கும்? வியர்வையும் படபடப்பும் தைராய்டு மிகுந்தாலும் வரும். இரவு வியர்வையோடு உடம்பு மெலிந்தால் காசநோயாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் 'சூடு' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டால் எது எது என்று யார் பிரித்துப் பார்ப்பது?

இதில் ஒன்றை மட்டும் நெஞ்சில் அறைந்து சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்று 12 மாதம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது சூடு அல்ல, திருஷ்டி அல்ல, மறுபடி இளமை திரும்புவதும் அல்ல. அப்படி ரத்தம் படும் பெண்களில் 100-க்குச் சுமார் 9 பேருக்குக் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் இருப்பதாக 2018-இல் வந்த பெரிய ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அந்தப் புற்றுநோய் வந்தவர்களில் 10-க்கு 9 பேருக்கு ரத்தம் முன்கூட்டியே காட்டிக்கொடுத்திருக்கிறது. உடம்பே கூப்பிட்டுச் சொல்கிற நோய் அது. ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். அந்த நேரத்தில் ஒரு மண்டலம் கிழங்கும் இன்னொரு மண்டலம் கற்றாழையும் என்று மூன்று மாதத்தைக் கரைப்பதை நான் மூட நம்பிக்கை என்றுகூடச் சொல்ல மாட்டேன். அதைவிடக் கொடிய சொல் வேண்டும்.

பெண்கள் ஏன் அருவிக்கரைக் கடைக்குப் போகிறார்கள் என்பதும் தெரியாததல்ல. கடையத்திலும் ஆலங்குளத்திலும் கீழப்பாவூரிலும் மடியில் பீடித்தட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போச்சு. போனால் வரிசை, உள்ளே போனால் ஆண் டாக்டர் இருப்பாரோ என்ற கூச்சம். எல்லாம் தாண்டிச் சொன்னால் "வயசாச்சும்மா, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு கால்சியம் மாத்திரை. இல்லையென்றால் எடுத்த எடுப்பில் கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்ற யோசனை. கர்ப்பப்பையை எடுத்தால் சூடு போகாது. கூடவே சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் சூடு ஒரே நாளில் பல மடங்காக வந்து இறங்கும். பொறுமையாகக் காது கொடுக்காத மருத்துவமும் இந்தப் பொடி வியாபாரத்தின் பங்குதாரர்தான்.

ஆனால் உருப்படியான வழியே இல்லாதது போல நடிக்கவும் கூடாது. 2002-இல் அமெரிக்காவில் ஹார்மோன் சிகிச்சையைச் சோதித்த ஒரு பெரிய ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டதிலிருந்து ஹார்மோன் என்றால் புற்றுநோய் என்ற பயம் உலகம் முழுதும் பரவியது. அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. கூடுதலாகக் கண்ட மார்பகப் புற்றுநோய், 10,000 பெண்கள் ஓராண்டு எடுத்தால் 8 பேருக்கு. 60 வயதுக்கு உட்பட்ட, மாதவிடாய் நின்று 10 ஆண்டு ஆகாத, மார்பகப் புற்றுநோயோ ரத்த உறைவோ கல்லீரல் நோயோ இல்லாத பெண்ணுக்கு, தொல்லை தாங்க முடியவில்லையென்றால் ஹார்மோன் சிகிச்சையால் நன்மையே அதிகம் என்பது இன்றைய மருத்துவக் கருத்து. வேண்டாம் என்பவர்களுக்குக் குறைந்த அளவில் சில மனச்சோர்வு மருந்துகள், காபாபென்டின், மனநல ஆலோசகர் வழிப் பயிற்சி எல்லாம் சோதித்துத் தேறியவை. யாரும் வாய்விட்டுச் சொல்லாத பிறப்புறுப்பு வறட்சிக்கும் எரிச்சலுக்கும் உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு இருக்கிறது. அதற்கு மசாஜ் எண்ணெயில் விடை கிடையாது. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46 வயதை ஒட்டி நிற்கிறது, மேலை நாட்டவரைவிட ஐந்து ஆண்டு முன்பாக. சூடு நீடிக்கும் காலமோ, அமெரிக்காவில் பெண்களை நெடுநாள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றின்படி, நடுமட்டக் கணக்கில் 7.4 ஆண்டு. அவ்வளவு காலமும் 'தாங்கிக்கோ' என்று ஒருத்தியிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை?

நம் அடுப்படியை நான் தள்ளிவைக்கவில்லை. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்திருக்கிறது. கேழ்வரகும் எள்ளும் முருங்கைக் கீரையும் மோரும் அதற்கு அருமையானவை. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிய உளுந்தங்களி நல்ல சாப்பாடு. சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் கருப்பட்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டைச் சாப்பாடாக உண்ணும்வரை யாருக்கும் வழக்கில்லை. சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் அதற்கும் முறையான வாசல் இருக்கிறது. 1964 முதல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது. ஐந்தரை ஆண்டு படித்து வருகிற மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் போங்கள். எடுத்துக்கொண்டிருக்கும் ஆங்கில மருந்துகளின் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரைக்கு மாத்திரை தருகிறார்கள். 45 வயதைக் கடந்த பெண் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, "தூரம் நின்ன பெறகு ரத்தம் பட்டுச்சாக்கா? ராத்திரி தூக்கம் வருதா?" என்ற இரண்டு கேள்விகளையும் அவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். பட்டது என்று சொல்லும் பெண்ணுக்கு அந்த வாரமே ஸ்கேன் எடுக்கச் சீட்டு எழுதித் தர வேண்டும். சுகாதாரத் துறை இதைத் தென்காசியிலிருந்தே தொடங்கட்டும்.