18 வயதைக் கடக்கும் மாற்றுத்திறனாளி இளைஞர்களின் தற்சார்பு வாழ்வு குறித்த கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் (தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழான உள்ளூர் நிலைக் குழுவின் தலைவர்)
அனுப்புநர்: மாற்றுத்திறனாளிகள் மற்றும் பெற்றோர் சங்கத்தினர்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 31ஆம் பிரிவு, 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. வட்டார வள மையத்தின் இயன்முறைப் பயிற்சியும், வீட்டுக்கே வரும் சிறப்பாசிரியரும் பள்ளிப் பதிவேட்டை ஒட்டியே கிடைக்கும் உதவிகள். பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கியதும் அவையும் நின்றுபோகின்றன. கல்லூரியில் 5 விழுக்காடு, அரசு வேலையில் 4 விழுக்காடு என்ற இடஒதுக்கீடு அந்த வாசல்வரை வர முடிந்தவர்களுக்குத்தான் பயன்படும். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ள பலருக்குப் பள்ளிக்கு அடுத்த இடம் வீட்டுத் திண்ணைதான்.

ஆகவே ஆயத்தம் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் அவரையும் உட்காரவைத்துப் பேசி ஒரு தனித்திட்டம் எழுதப்பட வேண்டும் என்று சங்கம் கோருகிறது. பேருந்தில் தனியே போய்வருவது, பணத்தைக் கையாள்வது, மருந்தை நேரத்துக்கு எடுப்பது, மாதவிடாய்க் காலத்தைச் சமாளிப்பது, விரும்பாத தொடுதலை மறுப்பது எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். இவற்றை நடைமுறையில் பழக்குவதற்குச் சிறப்பாசிரியரின் பணிநேரத்திலேயே இடம் ஒதுக்கப்பட வேண்டும்.

வயது வந்ததும் எழும் பெரிய சிக்கல் காப்பாளர் நியமனம். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளோருக்குக் காப்பாளரை நியமிக்கும் பொறுப்பை உள்ளூர் நிலைக் குழுவிடம் விட்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவோ, மாற்றுத்திறனாளிக்கும் மற்றவர்களுக்கு நிகரான சட்டத் தகுதி உண்டு என்கிறது; 14ஆம் பிரிவு குறிப்பிட்ட முடிவுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும் மட்டுமான வரையறுக்கப்பட்ட காப்பாளரையே ஏற்கிறது. நடைமுறையில் பழைய வழக்கமே மேலோங்குகிறது. வங்கிக் கணக்கு தொடங்கக் காப்பாளர் சான்றிதழ் கேட்கப்படுகிறது. பெற்றோரும் வேறு வழியின்றி விண்ணப்பிக்கிறார்கள். பேச்சு தெளிவில்லை, கையெழுத்து ஒரே மாதிரி விழவில்லை என்பதற்காக, தெளிவாகச் சிந்திக்கும் இளைஞரும் வாழ்நாள் முழுவதும் இன்னொருவரின் கையெழுத்துக்குள் அடங்கிப்போகிறார். வழிசெய்ய வேண்டிய இடத்தில் ஆளையே மாற்றிவிடுவது எந்த நிர்வாகத்துக்கும் சுலபம்தான்.

இத்தனைக்கும், காப்பாளர் தேவையா, எந்த நோக்கத்துக்காகத் தேவை என்று குழு ஆராய வேண்டும் என 1999ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. ஆகவே விண்ணப்பத்துக்குரிய இளைஞரைக் குழு நேரில் சந்திக்க வேண்டும். படப்பலகையோ கைபேசிச் செயலியோ கொண்டு பேசுபவருக்கு அதற்கான நேரம் தரப்பட வேண்டும். ஆதரவுடன் அவரே முடிவெடுக்க ஏன் இயலாது என்ற காரணம் ஆணையில் பதிவாக வேண்டும். எந்தெந்த முடிவுகளுக்கு, எதுவரை என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். வயது வந்த ஒவ்வொருவரிடமும் காப்பாளர் சான்றிதழ் கேட்கும் பழக்கத்தை நிறுத்துமாறு முன்னோடி வங்கி மேலாளர் வழியாக எல்லாக் கிளைகளுக்கும் அறிவுறுத்த வேண்டும்.

தமிழக அரசு மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையை 2,000 ரூபாயாக உயர்த்தியது. 18 வயது நிறைந்தவருக்கு இந்தத் தொகை அவருடைய பெயரிலுள்ள கணக்கிலேயே சேர வேண்டும். அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்க 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இடமளிக்கிறது. அந்தப் படியைக் கொண்டு அமர்த்தப்படும் உதவியாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இளைஞருக்கே இருக்க வேண்டும். 22 வயதிலும் தாயே குளிப்பாட்டிவிட வேண்டியிருப்பவருக்குத் அந்தரங்கம் என்று ஒன்று இல்லை, தாய்க்கும் ஓய்வில்லை.

தங்களுக்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்ற பெற்றோரின் அச்சம் நியாயமானது. அதற்கு ஊருக்கு வெளியிலுள்ள பெரிய இல்லம் மட்டுமே விடையாக இருக்கக் கூடாது. குறிப்பிட்ட ஒரு வாழிட ஏற்பாட்டுக்குள் எவரும் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்பது அதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவின் கருத்து. 2007இல் இந்தியா ஏற்புறுதி அளித்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆம் உறுப்பும் அதையே சொல்கிறது. சொந்த வட்டாரத்திலேயே மூன்று நான்கு பேர் உதவியாளருடன் வாழும் வாடகை வீடுகளைச் சோதனை முறையில் தொடங்கலாம். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே வார இறுதிகளில் அங்கே தங்கிப் பழக வாய்ப்பளிக்க வேண்டும்.

உள்ளூர் நிலைக் குழுவில் மாற்றுத்திறனாளி ஒருவருக்குச் சட்டப்படி இடமுண்டு. அடுத்த நியமனத்தின்போது அந்த இடத்தை 30 வயதுக்கு உட்பட்ட, மேற்கண்ட நான்கு குறைபாடுகளில் ஒன்றை உடைய ஒருவருக்கு வழங்குமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது.