ஸைக்கிள் ஆசனத்தின் உயரம்

சட்டைக்கு அளவெடுப்பது அவசியமென்று கொள்ளும் நாம், ஸைக்கிளுக்கு அளவு பார்ப்பதில்லை. 2001-ஆம் ஆண்டில் அரசாங்கம் தொடங்கிய இலவச ஸைக்கிள் திட்டத்தால், பெரியபாளையத்தைச் சூழ்ந்த கிராமங்களினின்றும் பள்ளி செல்லும் மாணாக்கரும் பயனுற்றனர். ஆயினும் வழங்கும் வண்டிகள் பெரும்பாலும் ஒரே அளவின. ஏறுவோர் உயரமோ பலவிதம். இவ்வேற்றுமையைத் தீர்த்தற்கன்றோ ஆசனத்தைத் தாங்கும் தண்டு ஏறியிறங்குமாறு அமைந்துள்ளது?

ஆசனம் தாழ்ந்திருப்பின் முழங்கால் நோகும். மிக உயர்ந்திருப்பின் இடுப்பு இருபுறமும் அசையும். பெடல் கீழே நிற்கையில் அதன்மீது குதிகாலை வைத்தால் கால் நேராக நீளவேண்டும். அதுவே தக்க உயரம். புதிதாய்ப் பழகுவோர்க்கு மட்டும் பாதம் தரையில் ஊன்றுமளவு தாழ்த்துக. தண்டிற் பொறித்துள்ள எல்லைக்கோடு குழாய்க்கு வெளியே தெரியலாகாது. தெரிந்தால் தண்டு வளையவும் வண்டியின் சட்டம் வெடிக்கவும் இடமுண்டு. ஆசனம் தானே இறங்கினால், தண்டைத் துடைத்து நட்டை இறுக்குக. பின்னும் இறங்கினால் தண்டு அக்குழாய்க்குச் சிறுத்ததாயிருக்கலாம், தக்கதை மாற்றுக. துருவேறி அசையாவிடின், எண்ணெய் விட்டு ஓரிரவு வைத்து மெல்லத் திருகுக. சுத்தியலால் அடித்தல் தகாது.

இவற்றைக் கடைக்காரர் செய்யாரோ எனின், கேட்டாற் செய்வார். கேட்கவேண்டுமென்பதைப் பிள்ளை அறியவேண்டுமே! முழங்கால் வலியால் ஸைக்கிளை வீட்டிற் சாத்திவிடும் சிறுமிக்கு, அக்கொடை கொடாததை யொக்கும். ஆதலின் வண்டி வழங்கும் நாளிலேயே ஒவ்வொருவர்க்கும் ஆசனத்தை அளந்து பொருத்திக் கொடுத்தல் வேண்டுமென்பது எமது கருத்து. சில நிமிஷங்களே பிடிக்கும் இப்பணியை நம் கல்லூரி மாணவர் சிலர் ஸ்பானருடன் சென்று மேற்கொள்வாராயின், அப்பிள்ளைகள் நோவின்றிப் பள்ளி செல்வர்.