காயலை இறைத்துக் கழனி

ஆர்.கே.பேட்டைப் பக்கத்தில் ஏரி நிரம்பிற்று என்றால், அது கலியாணச் செய்திக்குச் சமானம். குன்றும் மேடுமான இப்பிரதேசத்தில் மழை ஜலத்தைக் கரை போட்டுத் தேக்கினால்தான் நெல். ஜலம் அதிகமாயிருக்கிறதென்று அதை வெளியே இறைத்துக் கொட்டும் ஜனங்களும் உண்டென்று சொன்னால், நம் குடியானவர்கள் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

கேரளத்துக் குட்டநாட்டில் நடந்தது அதுதான். வேம்பநாட்டுக் காயலில் தென்னங்கட்டைகளை நட்டு, மூங்கில் தட்டி கட்டி, காயலின் அடியிலே மூழ்கி எடுத்த சேற்றை இடையில் அடைத்துக் கரை எழுப்பினார்கள். உள்ளே நின்ற ஜலத்தைக் காலால் மிதிக்கும் சக்கரங்களாலும், பின்னர் இயந்திரங்களாலும் இறைத்தார்கள். 1942-ல் பர்மா அரிசி நின்று, திருவிதாங்கூர் பசியால் வாடிற்று. அந்நாளில் 'முரிக்கன்' ஜோஸப் என்பவர் சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்னும் மூன்று காயல் நிலங்களை, சுமார் 2,000 ஏக்கர், இவ்விதம் உண்டாக்கினார். பசித்த காலத்தில் செய்ததை நாம் குறை சொல்வதற்கில்லை. மூழ்கிச் சேறெடுத்த கூலியாட்களின் பெயர்தான் எந்த வயலுக்கும் இல்லை.

இன்று அங்கே போகிறவர் ஒரு விந்தையைக் காணலாம். வயல் சமுத்திர மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. படகோ பக்கத்து வாய்க்காலில், கதிர்களுக்கு மேலாகப் போகிறது! ஆனால் பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆகிய நான்கு ஆறுகளின் வெள்ளம் பரவுவதற்கிருந்த இடமல்லவா அது? வெள்ளத்தைக் கடலுக்கு அனுப்ப 1955-ல் தோட்டப்பள்ளியில் மதகு வைத்தார்கள். உப்பு ஜலத்தைத் தடுக்கத் தண்ணீர்முக்கத்தில் அணை கட்டி 1976-ல் முடித்தார்கள். உப்பு குறைந்தது, கூடவே காயலுக்கும் கடலுக்கும் போய்வந்த மீனும் இறாலும் குறைந்தன. ஆகாயத்தாமரை மண்டிற்று. 2018 ஆகஸ்டில் வந்த வெள்ளம் கரைகளை உடைத்து, பழைய காயலையே மறுபடி காட்டிற்று. இறைப்பது நின்றாலும் அதே கதிதான்: ராணிக் காயல் பல வருஷம் ஜலத்தினடியில் கிடந்தது.

நம் ஏரிகளிலும் இந்த ஆசை சிறிய அளவில் உண்டு. கோடையில் உள்வாய் காய்ந்ததும் ஒருவர் ஏர் கட்டுகிறார். மறு வருஷம் மழை வந்தால், தம் பயிர் முழுகாமலிருக்கக் கலங்கலை உடைக்கச் சொல்கிறார். கரைக்குக் கீழே ஆயக்கட்டுக்காரர் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொள்கிறார். ஏரி நிரம்பாத வருஷம் ஊர்க் கிணறுகளும் வற்றுகின்றன.

ஏரிகளை அளந்து, எல்லை குறித்து, ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-ல் சட்டம் செய்தார்கள். சந்தோஷம். ஆனால் அது பொதுப்பணித் துறை ஏரிகளுக்கே உரியது. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள சின்ன ஏரிகளோ பஞ்சாயத்து யூனியன்கள் வசம் இருக்கின்றன. அவற்றின் எல்லைக் கற்களை யார் தேடுவது?