ஊசி முக்கியமா, சீட்டு முக்கியமா?

தடுப்பூசி போட்டதற்குச் சான்று இல்லையென்றால் பள்ளியில் இடமில்லை. அமெரிக்காவில் இது பழைய விதி. இப்படிக் கேட்பது செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1922ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. தட்டம்மை வகுப்பறையில் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை அறிந்தவர்கள் இவ்விதியைக் குறை கூற மாட்டார்கள்.

ஆயினும், தடுப்பூசியை மறுக்காத ஒரு சாராரும் இவ்விதியால் அலைக்கழிந்தனர். அவர்கள் இராணுவ வீரர்களின் பிள்ளைகள். பெற்றோருக்கு மாற்றல் உத்தரவு வந்தால் குடும்பமே மாநிலம் விட்டு மாநிலம் போக வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திற்கும் ஒரு பட்டியல். ஓரிடத்தில் ஹெபடைடிஸ் ஏ ஊசி கேட்பார்கள். மற்றோரிடத்தில் கேட்க மாட்டார்கள். பழைய ஊரில் எல்லாம் சரியாக இருந்த பிள்ளை, புதிய ஊரில் பள்ளி வாசலில் நிற்கும். தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற நமக்கு, ஒரே ஒரு மாற்றம்கூட எவ்வளவு கனமானது என்பது தெரியும். அப்பிள்ளைகளுக்கோ அது மீண்டும் மீண்டும் வருகிறது.

இதற்காக மாநிலங்களுக்கிடையே ஓர் ஒப்பந்தம் 2008இல் நடப்புக்கு வந்தது. இன்று 50 மாநிலங்களும் அதில் உள்ளன. அதன்படி பிள்ளையை முதலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். விடுபட்ட ஊசியைப் போட 30 நாள் தவணை உண்டு. பல தவணைகளாகப் போடும் ஊசியென்றால், முதல் ஊசியை அந்த 30 நாளுக்குள் போட வேண்டும். தட்டம்மைக்கான இரண்டு ஊசிகளுக்கு இடையே குறைந்தது 28 நாள் இடைவெளி தேவை. ஆகவே இது நியாயமான ஏற்பாடே.

அந்த 30 நாளில் நோய் பரவாதா என்று சிலர் கேட்கலாம். ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால், இது தவணைதானே தவிர விலக்கு அன்று. ஊசியே வேண்டாம் என்பவருக்கு இதில் இடமில்லை.

நம் நாட்டில் பள்ளியில் சேரத் தடுப்பூசி கட்டாயம் என்ற சட்டம் இல்லை. 2016இல் தொண்டை அடைப்பான் நோய்க்குத் தடுப்பூசி போடாத குழந்தைகளைப் பறிகொடுத்தோம். 2019இல் சபாவில் 27 ஆண்டுகளுக்குப் பின் இளம்பிள்ளை வாதம் தலைகாட்டியது. சட்டம் வர வேண்டும் என்பதே என் கருத்து. அது வரும்போது இத்தகைய தவணையும் உடன் வர வேண்டும். பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளி வாசலில் தடுமாறிய இந்தியப் பிள்ளைகளை நாம் அறிவோம். ஊசியில் கண்டிப்பு இருக்கட்டும். சீட்டுக்காக ஒரு பிள்ளையும் வெளியே நிற்க வேண்டாம்.